தம்பூராவை நிறுத்தியவர்

எங்கள் பழைய சங்கீத சபை ஒரு மலர் போட்டிருக்கிறது. போன வாரம் தபாலில் வந்தது. யுத்தம் முடிந்த மறுவருஷம் சேலத்தில் நடத்திய சமாதான நினைவுக் கச்சேரிக்கு அதில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். 'யுத்தத்தில் உயிர்நீத்த நம் ஜில்லாப் பிள்ளைகளுக்காக ஊரே ஒன்றாக எழுந்து நின்று அஞ்சலி செலுத்திய திருநாள்' என்று வர்ணனை. பாடியவர் பேர் இருக்கிறது. வயலின்காரர், மிருதங்கக்காரர் பேர் இருக்கிறது. பந்தல் போட்டவர், பன்னீர் தெளித்தவர் பேர்கூட இருக்கிறது. தம்பூரா போட்டவர் பேர் மட்டும் இல்லை.

ஊரே எழுந்து நின்றது வாஸ்தவம்தான். எதற்காக அவ்வளவு நேரம் நின்றது, நிற்க வைத்தது யார் என்று எழுத மட்டும் ஒருத்தருக்கும் கை வரவில்லை. படித்த கோபத்தில் மலரைத் தூக்கி மூலையில் எறிந்தேன். எறிந்து என்ன ஆகப்போகிறது என்று பிறகு தோன்றியது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் காலத்தில் சபைக்கு நான்தான் காரியதரிசி. நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு, அதுவும் நல்ல பங்கு அல்ல.

அந்தத் தம்பூராக்காரர் பேரை நானும் சொல்லப்போவதில்லை. மலர்க்காரர்கள் மறந்துபோய் விட்டார்கள். நான் வேண்டுமென்றே விடுகிறேன். எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் அவருடைய ஊர். அவர் வீட்டுக்குத் துணி வெளுப்பவர் போகக்கூடாது, சவரம் செய்பவர் போகக்கூடாது, நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வாசல் மிதிக்கக்கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு போட்டார்களே, அவர்களுடைய பிள்ளைகள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர் செத்தபோது தூக்குவதற்குப் பங்காளி ஒருத்தன் தோள் கொடுக்கவில்லை. சேரிக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது பேரைப் போட்டு எழுதினால், 'எங்கள் பெரியப்பா, எங்கள் பங்காளி' என்று அதே ஆட்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் அவர்களுக்குக் கொடுப்பதாக இல்லை.

நான் பார்த்த நாளில் அவருக்கு ஐம்பது வயது இருக்கும். நெட்டையான, கறுத்த ஆள். காதில் சிவப்புக் கடுக்கன். ஏர் பிடித்துப் பிடித்துக் கை இரண்டும் வெடித்துக் கிடக்கும். வலது கையில் இரண்டு விரல் மட்டும், ஆள்காட்டி விரலும் நடுவிரலும், மொழுமொழு என்று இருக்கும். தம்பூரா தந்தியைத் தொடுகிற விரல்கள் அவை. கடலைக்காய் பிடுங்கும்போது அந்த இரண்டையும் மடக்கிக்கொள்வார். படுக்கப் போகுமுன் விளக்கெண்ணெய் தடவுவார். 'பத்து விரல்ல ரெண்டுக்கு மட்டும் மாப்பிள்ள மரியாதை' என்று ஊரில் கேலி பேசுவார்களாம்.

பதினைந்து ஏக்கர் காடும் இரண்டு கிணறும் இருந்த குடியானவருக்குத் தம்பூராப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. நான் ஒரு தடவை கேட்டேன்.

"காது சும்மா இருக்கலீங்க தம்பி" என்றார்.

பாட மாட்டார். பாடத் தெரியாது என்று சொல்லவும் வெட்கப்பட மாட்டார். பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்து நாலு தந்தியைச் சுருதி பிசகாமல் மீட்டிக்கொண்டிருந்தால் போதும். நாமக்கல், ராசிபுரம், சேலம் என்று எங்கே கச்சேரி நடந்தாலும் கூப்பிட்டனுப்புவார்கள். கச்சேரி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சுருதி கூட்டுவார். தந்திக்கு அடியில் வைக்கிற அந்தத் துண்டு நூலை மயிரிழை அங்கே, மயிரிழை இங்கே என்று நகர்த்திக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் கவர்னரே கதவைத் தட்டினாலும் திறக்க மாட்டார்.

தம்பூராவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டு நிற்கலாம், பாடகர் தண்ணீர் குடிக்கலாம், தலைவர் நடுவில் எழுந்து பொன்னாடை போர்த்தலாம், தம்பூரா மட்டும் நிற்காது. ஆரம்பத்தில் தொட்டால் மங்களம் பாடி முடிக்கும்வரை ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். நின்றால் அபசகுனம் என்று முகம் சுளிப்பார்கள். அவருக்கு அபசகுனத்தைப் பற்றிக் கவலை கிடையாது. தப்பு என்று பட்டுவிட்டால் அந்த இரண்டு விரலும் தானாக நின்றுவிடும். அவர் நிறுத்துகிறார் என்றுகூடச் சொல்ல முடியாது.

அம்மாப்பேட்டையில் ஒரு நூல் வியாபாரி வீட்டுக் கல்யாணம். பெரிய பாடகர் ஒருவர், பேர் சொன்னால் எழுந்து கும்பிடுவீர்கள், தொண்டை கட்டிக்கொண்டு கால் சுருதி கீழே பாடிக்கொண்டிருந்தார். கேட்டவர்களுக்குத் தெரிந்தது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, மாறாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று தம்பூரா நின்றது. பாடகர் திரும்பி, "ஏன் ஐயா நிறுத்தினீர்?" என்றார்.

"நீங்க ஒரு ஊருல இருக்கறீங்க, நான் ஒரு ஊருல இருக்கறனுங்க. யாராச்சும் ஒருத்தரு வண்டி ஏறி வாரணுமுங்களே."

கோபம் வந்தால் எல்லோருக்கும் மரியாதை குறையும், இவருக்குக் கூடும். சாதாரணமாகப் பேசும்போது வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' போடுகிறவர், கோபம் ஏற ஏற இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே போவார். நாலைத் தாண்டினால் எதிரில் இருப்பவர் இடத்தைக் காலி செய்வது நல்லது. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரி வாயுவில் ஓடின. பின்னால் ஓர் அடுப்பைக் கட்டித் தூக்கிக்கொண்டு புகைந்து புகைந்து வரும். மேட்டைக் கண்டால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அப்படி ஒரு பஸ்ஸில் தம்பூராவுக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார். நடுவழியில் யாரோ தாசில்தாரின் மச்சான் ஏறினார். கண்டக்டர் தம்பூராவைக் கூரைமேல் போடச் சொன்னான்.

"இது டிக்கெட்டு வாங்கியிருக்குதுங்க. அவுரு வாங்கலீங்க. யாரு மேல போவோணுமுன்னு நீங்களே சொல்லுங்க" என்றிருக்கிறார். தாசில்தாரின் மச்சானை யார் கூரைமேல் ஏற்றுவார்கள்? தம்பூராதான் மேலே போக வேண்டியிருந்தது. கூடவே இவரும் ஏறிக்கொண்டார். சித்திரை வெயிலில், தலையில் இருந்த துண்டைத் தம்பூராவுக்குப் போர்த்திவிட்டு, சேலம்வரைக்கும் வெறுந்தலையோடு வந்து சேர்ந்தார். முகம் கன்றிப்போயிருந்தது. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சுருதி கூட்டப் போய்விட்டார். அந்த மச்சான் அன்றைய கச்சேரிக்கு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தபோதுதான் விரல் ஒரு நொடி தயங்கியது.

இப்படிப்பட்ட ஆளோடு குடித்தனம் நடத்துவது விளையாட்டில்லை. "ஊரு ஒலகத்துல ஆம்பளைங்களுக்கு வாயி சத்துரும்பாங்க. இவுங்களுக்குக் காதுதானுங்க சத்துரு" என்று அவர் மனைவி என்னிடம் ஒரு தடவை சொன்னார். அந்த அம்மாளின் அண்ணன் வீட்டு விருந்தில், பந்தி நடுவில், மாமனாரையே ஏதோ ஒரு பொய்க்காக நிறுத்திக் கேள்வி கேட்டுவிட்டாராம். அந்த அம்மாள் பிறகு மூன்று வருஷம் தாய்வீட்டுப் படி ஏறவில்லை.

அந்தப் பேச்சு நடந்தது அவர் வீட்டு முற்றத்தில். அன்றைக்கு இன்னொன்றையும் பார்த்தேன். மாட்டுக் கொட்டகைக் கூரையின் இறவாணத்தில் ஒரு கொட்டாங்குச்சி சொருகியிருந்தது. பண்ணையத்தில் சாணி அள்ளுகிற கருப்பாயி தாகம் என்று வந்து நின்றாள். அதை எடுத்து இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள். அந்த அம்மாள் செம்பை உயரத் தூக்கித் தண்ணீர் ஊற்றினார். கருப்பாயி குடித்துவிட்டுக் கொட்டாங்குச்சியைத் திரும்பச் சொருகிவிட்டுப் போனாள். நான் பார்த்தேனே ஒழிய எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எல்லார் வீட்டிலும் அப்படித்தான். மயிரிழைச் சுருதி பிசகினால் துடித்துப்போகிற அவரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

கருப்பாயிக்கு ஒரே பையன். சடையன் என்று பேர். இவர் காட்டில்தான் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான். யுத்தம் முற்றிய சமயத்தில் எங்கள் பக்கத்து மிட்டாதார் ஒருவர், பத்துப் பதினைந்து கிராமத்துக்கு வரி வாங்குகிற பெரிய மனிதர், பட்டாளத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்து வெள்ளைக்காரனிடம் பட்டம் வாங்க வேண்டும் என்று அலைந்தார். எருமப்பட்டிச் சந்தையில் பாண்டு வாத்தியத்தோடு வந்து நின்று, பையன்களை வரிசையாக நிறுத்தி நெஞ்சளவு எடுத்தார். அவருடைய சொந்தப் பையன்கள் இரண்டு பேரும் மதராஸில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நெஞ்சை யாரும் அளக்கவில்லை.

சடையன் போகட்டுமா என்று கேட்டானாம். கருப்பாயி அழுதாளாம். இவர்தான் சமாதானம் சொல்லியிருக்கிறார். "பட்டாளத்துல சாதி கெடையாது. பூட்ஸு போட்டுக்கிட்டு எல்லாத்தோடயும் ஒண்ணா உக்காந்து சோறு திம்பான். போகட்டும் உடு" என்று. சடையன் போனான். பர்மா எல்லையில் ரோடு போடுகிற பட்டாளத்தில் மண் வெட்டினான். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு மணியகாரர் மூலமாக ஒரு காகிதம் வந்தது. காய்ச்சலில் போய்விட்டான் என்று இருந்தது. அதைக் கருப்பாயிக்குப் படித்துக் காட்டியதும் இவர்தான்.

சமாதானக் கச்சேரி என்கிற யோசனை எங்கள் சபைத் தலைவருடையது. அவர் வக்கீல். நான் அவருடைய குமாஸ்தா. பகலில் அவர் கட்சிக்காரர்களுக்கு மனு எழுதுவேன், சாயங்காலம் சபைக்கு நோட்டீஸ் எழுதுவேன். யுத்தம் முடிந்துவிட்டது, ஜில்லாக் கலெக்டர் துரையை அழைத்து, இறந்துபோன ஜில்லாப் பிள்ளைகளின் பேரைச் சபையில் படித்து, குடும்பத்தாரை முன்னால் ஜமக்காளத்தில் உட்கார வைத்து மரியாதை செய்ய வேண்டும் என்றார். நல்ல யோசனைதான். அதைக் கேட்டுத் தம்பூராக்காரர் கண் கலங்கினார். "சடையம் பேரையும் படிப்பீங்களா?" என்று கேட்டார். எல்லோர் பேரும் படிப்போம் என்று தலைவர் வாக்குக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பேர்களைப் படித்த பிறகு எல்லோரும் எழுந்து இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்பது என்று ஏற்பாடு. அதில் தலைவருக்கு ஒரு சந்தேகம். சங்கீத சபையில் சுருதியில்லாத வெறும் மௌனம் ஆகுமா? வேண்டாம், தம்பூரா மட்டும் ஒலிக்கட்டும் என்று கமிட்டி கூடித் தீர்மானித்தது. இரண்டு நிமிஷம் முடிந்தது என்பதற்கு மணி அடிப்பது சோபிக்காது. அதே சுருதியில் பாடகர் பாட்டை எடுப்பார், அப்போது எல்லோரும் உட்காரலாம். இதைக் கலெக்டர் துரைக்கு நான் இங்கிலீஷில் எழுதித் தெரிவித்தேன். பாட்டுத் தொடங்கும்வரை உட்காரக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். எங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி போகாது.

கச்சேரியன்று மூன்று மணிக்கெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துப் பந்தலுக்குக் குடும்பங்கள் வந்து சேர ஆரம்பித்தன. மணியகாரர்கள் தமுக்கடித்து நோட்டீஸைப் படித்திருந்தார்கள். வந்தவர்களில் ஏழு குடும்பங்கள் சேரிக்காரர்கள். தலைவர் என்னைத் தனியாக அழைத்தார்.

"என்னய்யா இது, இவர்களை எங்கே உட்கார வைப்பது? முன்வரிசையில் மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள்" என்றார். அவரே வழியும் சொன்னார். பந்தலுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், ஒரு கயிறு கட்டி அதற்கு அந்தப் பக்கம் உட்கார வை. அங்கிருந்தும் நன்றாகக் கேட்கும். பேர்களை இரண்டு தாளாகப் பிரித்து எழுது. அந்த ஏழு பேரும் இரண்டாம் தாளில் இருக்கட்டும். பேரைப் படித்துவிட்டு ஜமக்காளத்தில் உட்கார வைக்காமல் இருந்தால் கேள்வி வரும், அதனால் நேரம் போதவில்லை என்று விட்டுவிடலாம்.

சரி என்றேன். கயிற்றை நான்தான் கட்டினேன். இரண்டு தாளையும் நான்தான் எழுதினேன். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வந்த ஏழு தாய்மார்களைச் சைக்கிள்களுக்கு நடுவில் போய் உட்காரச் சொன்ன வாய் என்னுடையது. குமாஸ்தா உத்தியோகம் போய்விடும் என்று பயம். இத்தனை வருஷம் கழித்து அந்தப் பயத்தை நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

கருப்பாயியைப் பஸ்ஸில் அழைத்து வந்தவர் தம்பூராக்காரரேதான். வந்ததும் சுருதி கூட்டுவதற்கு ஒரு வகுப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேடைக்குப் போகும்போது என்னைப் பார்த்து, "கருப்பாயிய உக்கார வெச்சாச்சுங்களா தம்பி?" என்றார்.

"வைத்தாச்சு" என்றேன்.

நாலு மணிக்குத் துரை வந்தார். மிட்டாதார் ஜரிகைத் தலைப்பாகையோடு அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பேசவும் பேசினார். போன பிள்ளைகள் எல்லோரும் என் பிள்ளைகள் என்றார். கைதட்டினார்கள். தலைவர் முதல் தாளைக் கணீரென்று படித்தார். படித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "எல்லோரும் எழுந்து இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்க வேண்டுகிறேன்" என்றார்.

எழுந்தோம். தம்பூரா மட்டும் ரீங்காரம் செய்தது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஜமக்காளத்தில் ஓர் அம்மாள் விம்மியது கேட்டது. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. தம்பூரா நின்றது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. முடிந்துவிட்டது என்று சிலர் உட்காரப் போனார்கள். துரை உட்காரவில்லை. பாட்டு ஆரம்பிக்கும்வரை நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேனே. தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நட்ட கம்பம்போல் நின்றார். துரை நிற்கும்போது யார் உட்காருவது? உட்காரப் போனவர்கள் மறுபடி நிமிர்ந்தார்கள். சுருதி இல்லாமல் பாடகர் எப்படிப் பாட்டை எடுப்பார்? திரும்பிச் சைகை காட்டினார். தம்பூராக்காரர் மாட்டேன் என்று தலையை அசைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

தலைவர் மேடைக்குப் பின்புறமாக ஏறிக் குனிந்து, "என்ன ஐயா, தந்தி அறுந்துவிட்டதா?" என்றார். நான் கீழே படியோரம் நின்றதால் எல்லாம் கேட்டது.

"தந்தி நல்லா இருக்குதுங்க. பேருதானுங்க பாதி படிச்சிருக்கறீங்க."

"நேரமில்லை. மற்றதெல்லாம் படித்ததாக வைத்துக்கொள்ளும்."

"வெச்சுக்கறனுங்க. நான் மீட்டுனதா நீங்க வெச்சுக்குங்க."

தலைவருக்கு முகம் செத்துப்போயிற்று. அதட்ட முடியாது, துரை எதிரில் மௌனம் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு நிமிஷம் ஐந்தாயிற்று, பிறகு எத்தனை ஆயிற்றோ. மிட்டாதாருக்கு ஜரிகைக்குள்ளிருந்து வேர்வை கொட்டியது. கனத்த உடம்பு, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார். சேலத்துப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பிள்ளைகளைப்போல நின்றார்கள். மலரில் போட்டிருக்கிறார்களே திருநாள் என்று, அது இதுதான்.

அவர் என் பக்கம் திரும்பினார். என் கை சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த இரண்டாம் தாளை மூடிக்கொண்டிருந்தது.

"தம்பீங்க, இன்னொரு தாளு ஜோப்புலதானுங்களே இருக்குதுங்க. எடுத்துப் படிச்சீங்கன்னா எல்லாரும் உக்காரலாமுங்களே."

ஐந்து 'ங்க'. தலைவர் என்னைப் பார்த்தார். அசைந்தால் நாளைக்கு ஆபீஸ் பக்கம் வராதே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். துரையும் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார், அடுத்த நிகழ்ச்சி நான்தான் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நான் வீரத்தால் படித்தேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வக்கீலைவிடத் துரையிடம் பயம் அதிகம், அவ்வளவுதான். தாளை எடுத்தேன். நான் எழுதிய எழுத்தே எனக்குப் படிக்க வரவில்லை. நாலாவது பேர் சடையன். ஊரையும் சேர்த்துச் சொன்னேன்.

"ஆமாங்க சாமி, எம் பையன்தானுங்க" என்று ஒரு குரல் சைக்கிள்களுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

பந்தலில் இருந்த தலைகளெல்லாம் திரும்பின. கயிற்றை எல்லோரும் பார்த்தார்கள். துரையும் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை நேரே வைத்துக்கொண்டார். சமாதானம் பேச வந்த மகானுபாவர். மீதி மூன்று பேரையும் படித்தேன். தம்பூரா மறுபடி தொடங்கியது. இரண்டு முழு நிமிஷம் முதலிலிருந்து நிற்க வைத்த பிறகுதான் பாடகர் வாயைத் திறந்தார்.

பொழுது சாயக் கச்சேரி முடிந்தது. அவர் தம்பூராவை உறையில் போடக்கூட நிற்காமல் நேரே சைக்கிள் பக்கம் வந்தார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

"கயிறு கட்டுனது யாருங்க?"

"நான்தான்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு அடி அடித்திருந்தால் தேவலை. என்னை விட்டுவிட்டுக் கருப்பாயியிடம் போனார். "நீ உள்ளார உக்காந்திருக்கோணும். ஜமக்காளத்துல, மொத ஆளா. இவங்க பண்ணுனது அக்கிரமம். நான் உடமாட்டேன்" என்றார்.

கருப்பாயி எழுந்து புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். அவளுக்குக் கோபம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. "இதுக்கு ஏனுங்க சாமி இத்தன கோவம்? உங்க ஊட்டுல நான் எங்க உக்காருவனுங்க?" என்றாள்.

கலெக்டரை நிற்க வைத்த மனிதர் தம்பூராவை உறையில் போட வேண்டும் என்று மேடைப் பக்கம் திரும்பிப் போனார். எனக்கு அவர்மேல் பொங்கி வந்த கோபம் வக்கீல்மேல்கூட அப்படி வந்ததில்லை. வக்கீலிடம் நான் எதையும் எதிர்பார்த்தவன் அல்ல. இருபது வருஷம் அந்தக் கொட்டாங்குச்சி இவர் கண்ணுக்கு முன்னாலேயே இருந்ததே, அதற்கு ஏன் ஒரு நாளும் விரல் நிற்கவில்லை? கேட்கத்தான் நினைத்தேன். கயிறு கட்டிய கையை வைத்துக்கொண்டு என்ன கேட்பது?

துரைக்குப் பயந்துதான் படித்தேன் என்று சொல்லி என் உத்தியோகத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். பத்து நாள் கழித்துக் கமிட்டியின் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். இனி எங்கள் சபைக் கச்சேரி எதற்கும் அவர் வர வேண்டியதில்லை என்கிற கடிதம். முற்றத்தில் கட்டிலில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தார்.

"எழுத்து உங்களுதாட்டம் இருக்குதுங்க."

"ஆமாம்."

"அளகான எழுத்துங்க" என்று மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் கவனித்தேன், வாசலில் பங்காளிகள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கச்சேரியிலிருந்து வந்த மறுநாளிலிருந்து தினமும் காலையில் இவர் கருப்பாயியை வீட்டுக்குள் வந்து உட்காரச் சொல்வதும், அவள் வேலை கிடக்கிறது என்று சொல்லிக் கொட்டகைக்குப் போவதுமாக இருந்திருக்கிறது. விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. "கடைசியாச் சொல்றமுங்க பெரியப்பா. அவ வாசல் நெலவு தாண்டுனா இந்த ஊட்டுல நாங்க கை நனைக்க மாட்டோம்" என்றான் ஒருவன். அவர் கொட்டகைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"கருப்பாயி, உள்ளார வா."

"சாணி அள்ளோணும் சாமி."

"சாணி எங்கயும் போவாது. வா."

அவள் வெளியே வந்து பங்காளிகளைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "நான் வந்தா உங்களுக்குத்தானுங்க தொந்தரவு" என்றாள்.

"இருக்கட்டும்" என்றார்.

தொந்தரவு அவளுக்கும்தான். அந்த இரண்டு பேரும் நாளைக்குச் சேரிப் பக்கம் போனால் ஏன் என்று கேட்க நாதி கிடையாது. அவளுக்கா அது தெரியாது? தொட்டியில் கை கால் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள். யாரையும் பார்க்காமல், யாரிடமும் கேட்காமல், படி ஏறி வாசல் நிலையைத் தாண்டி உள்ளே போனாள். பங்காளிகள் காறித் துப்பிவிட்டு நடையைக் கட்டினார்கள்.

கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சமையற்கட்டு வாசலில் அந்த அம்மாள் வந்து நின்றார். பிறகு உள்ளே போய்ப் பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கருப்பாயிக்கு எதிரில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். கருப்பாயி செம்பை எடுத்து வாய் வைத்துக் குடித்தாள். சுற்றிலும் நிதானமாகப் பார்த்தாள். நெல் போடுகிற பெட்டி, சுவரில் ஒரு சாமி படம், கொடியில் இரண்டு வேட்டி, மூலையில் உறை போட்ட தம்பூரா. அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார் போலிருந்தது.

அவள் எழுந்தாள்.

"உள்ளார என்னமோ இருக்குது, அதுக்குத்தான் எங்கள உடமாட்டேங்கறாங்கன்னு எங்காத்தா காலத்துலருந்து நெனச்சுக்கிட்டிருந்தமுங்க சாமி. ஒண்ணுமே இல்லீங்களே" என்றாள். சொல்லிவிட்டுச் சாணி அள்ளப் போனாள்.